ரஷ்யப் புரட்சிப் பாடத்தைப் போஸ்டர் வைத்து நடத்துவது எப்படி

பத்தாம் வகுப்பு வரலாற்றில் ரஷ்யப் புரட்சி வரும்போது 1917 என்ற ஆண்டை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள். போஸ்டரை வைத்து நடத்திப் பாருங்கள். சேலத்துப் பிள்ளைகளுக்குப் போஸ்டர் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, பழைய பஸ் ஸ்டாண்ட் முதல் அம்மாப்பேட்டை வரை சுவரைப் பார்த்தே வளர்ந்தவர்கள். யார் படம் பெரிசு, யார் ஓரத்தில், போன மாநாட்டில் இருந்தவர் இந்த முறை ஏன் இல்லை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

இரண்டு படம் போதும். இரண்டையும் வரைந்தவர் சோவியத் போஸ்டர் ஓவியர் திமித்ரி மோர். ஏ3 அளவில் கலர் பிரின்ட் போட்டு, எழுத்து இருக்கும் இடத்தைத் தாளால் மறைத்துவிடுங்கள்.

முதல் படம் 1920, உள்நாட்டுப் போர் நேரம். உடம்பெல்லாம் சிவப்பாக ஒரு செம்படை (புரட்சி அரசின் படை) வீரர், ஒரு கையில் துப்பாக்கி, மறு கையின் விரல் நேராக நம்மை நோக்கி, பின்னால் புகை விடும் ஆலைகள். என்ன கேட்கிறார் என்று ஊகிக்கச் சொல்லுங்கள், அப்புறம் தாளை எடுங்கள்: "தொண்டராகப் பெயர் கொடுத்துவிட்டாயா?" சரி, எல்லாரும் தாமாகவே வந்திருந்தால் இப்படி விரல் நீட்டுவானேன்? 1918இல் தொண்டர் படையாகத் தொடங்கிய செம்படைக்குச் சில மாதங்களிலேயே கட்டாயமாக ஆள் சேர்க்க வேண்டி வந்தது, அதிலிருந்து தப்பி ஓடியவர்கள் லட்சக்கணக்கில். இதைப் பிள்ளைகள் கேள்வி கேட்டுத் தடுமாறிய பிறகு சொல்லுங்கள், முன்னாடியே சொன்னால் அதுவும் இன்னொரு மனப்பாடம்தான்.

அடுத்தது 1921. கறுப்புப் பின்னணியில் எலும்பும் தோலுமான ஒரு கிழவர், இரு கையும் மேலே, பக்கத்தில் ஒடிந்த தானியக் கதிர். ஒரே வார்த்தை: "உதவு". ரஷ்யாவின் வோல்கா ஆற்றுப் பகுதியில் வந்த பஞ்சம், ஏறக்குறைய ஐம்பது லட்சம் பேர் செத்தார்கள். இரண்டையும் சுவரில் அடுத்தடுத்து ஒட்டி, நடுவில் என்ன நடந்தது என்று கேளுங்கள். மழை பொய்த்தது என்பார்கள், போர் என்பார்கள், இரண்டும் சரி. ஆனால் போர்க்காலத்தில் அரசே ஆள் அனுப்பி விவசாயிகளின் தானியத்தைப் பறித்துக்கொண்டு போனது, 1921 மார்ச்சில்தான் அதைக் கைவிட்டது. அந்த ஆட்கள் போஸ்டரில் எங்கே? போஸ்டரைப் போட்டது யார்? என்னைக் கேட்டால் பாடமே இந்த இடம்தான், பாதி வகுப்பு இதிலேயே போனாலும் பரவாயில்லை.

எதிர்த்தரப்பான வெள்ளைப் படையும் போஸ்டர் போட்டது, அதையும் காட்டுங்கள். சிலவற்றில் யூதர்மீது அப்பட்டமான வெறுப்பு இருக்கும், அதனால் முன்கூட்டியே பார்த்து, வகுப்பில் காட்டத் தக்கவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.