வசதியான புறநகர் ஒன்றின் மக்கள், வானிலை விவரத்தைத் தொகுப்பது எப்படி

அமெரிக்காவில் வசதியானவர்கள் வாழும் புறநகர் ஒன்றைப் பற்றி மக்கள்தொகை, வருமானம், தட்பவெப்பம் மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டுமா? ஊரின் எல்லை எது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஊரின் பெயருக்கு அஞ்சல் முகவரி ஒரு எல்லை சொல்லும், நகராட்சி வேறொன்று சொல்லும். ஜிப் கோடு (அமெரிக்காவின் அஞ்சல் குறியீட்டு எண்) தபால்காரரின் வசதிக்காக வரைந்தது. பக்கத்து ஊரின் நாலு தெருவையும் சேர்த்துக்கொள்ளும். நகராட்சி இல்லாத ஊர்களுக்கு சென்சஸ் பீரோ (அமெரிக்க அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம்) தானே ஒரு எல்லை வரைந்து வைத்திருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகையை நகராட்சி எல்லைக்கும் வீட்டு விலையை ஜிப் கோடுக்கும் எடுத்துக் கலப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

தலை எண்ணிக்கைக்கு 2020 சென்சஸ். வருமானம், கல்வி, வீட்டு மதிப்பு ஆகியவற்றுக்கு அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே. பின்னது முழுக் கணக்கெடுப்பு அல்ல, மாதிரி ஆய்வு. நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளைத்தான் தொடுகிறது. 65,000 பேருக்குக் குறைவான ஊருக்கு வழக்கமான ஓராண்டு மதிப்பீடு கிடையாது; 20,000 பேருக்கும் குறைந்தால் ஐந்தாண்டுத் தொகுப்பு மட்டுமே. கலிபோர்னியாவின் ஆதர்டனில் 2020இல் 7,188 பேர்; நியூயார்க்கின் ஸ்கார்ஸ்டேலில் 18,253 பேர். இரண்டுக்கும் ஐந்தாண்டுத் தொகுப்புதான். ஆகவே ‘2022 வருமானம்’ என்று எழுதாமல் ‘2018–2022, 2022 டாலர் மதிப்பில்’ என்று எழுதுங்கள். 2018–2022ஐ 2019–2023உடன் ஒப்பிட்டு வளர்ச்சி என்று சொல்லவும் கூடாது, நான்கு ஆண்டுகள் இரண்டிலும் பொது. 2013–2017உடன் ஒப்பிடலாம், பழைய தொகையை 2022 டாலருக்கு மாற்றிக்கொண்ட பிறகு.

பணக்கார ஊரில் சர்வே தடுமாறும் இடம் வருமானம். குடித்தனங்களின் இடைநிலை வருமானம் (வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் வருவது) 2,50,000 டாலரைத் தாண்டினால் அட்டவணையில் ‘2,50,000+’ என்று மட்டுமே இருக்கும். வீட்டின் இடைநிலை மதிப்புக்கு உச்சவரம்பு 20,00,000 டாலர். ஆதர்டன் இந்த இரண்டு வரம்பையும் முட்டி நிற்கிறது. கூட்டல் குறியை விட்டுவிட்டு வெறும் எண்ணை எழுதினால் அது பொய்யாகிவிடும். இதைவிட மறைவான குறை ஒன்று உண்டு: சர்வே கேட்கும் வருமானத்தில் பங்கு, சொத்து விற்ற லாபம் சேராது. சம்பளத்தைவிடப் பங்கில் அதிகம் ஈட்டுபவர்கள் நிறைந்த ஊரில் இது சின்ன விடுதல் அல்ல. ஓய்வுபெற்ற ஒருவர் பெரிய வீட்டில் இருந்துகொண்டே வறுமைக் கோட்டின் கீழ் பதிவாவதும் இதனால்தான். கணக்கு பார்ப்பது வரவை, சொத்தை அல்ல.

குடித்தன வருமானத்தையும் குடும்ப வருமானத்தையும் குழப்ப வேண்டாம். தனியாக வாழ்பவரும் ஒரு குடித்தனம். குடும்பம் என்றால் உறவுள்ள இருவராவது வேண்டும். அதனால் குடும்ப எண் பெரும்பாலும் உயர்ந்திருக்கும். தலைக்கு வருமானம் என்பது குழந்தைகளையும் சேர்த்து வகுத்தது. நல்ல பள்ளிக்காகக் குடிவந்தவர்கள் நிறைந்த ஊரில் இது எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்து தெரியும்.

ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் பக்கத்தில் 90 சதவீத நம்பகத்துக்கான பிழை வரம்பு (உண்மை எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது) இருக்கும். அதைத் தூக்கியெறியாதீர்கள். இடைநிலை வருமானம் ஓர் ஊரில் 1,80,000 ± 22,000 டாலர், இன்னொன்றில் 1,60,000 ± 25,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இரு வரம்பையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 33,300; இதுதான் வித்தியாசத்துக்கான பிழை வரம்பு. வித்தியாசம் 20,000தான். முதல் ஊர் பணக்கார ஊர் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

இனப் பட்டியலில் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளி) என்பது தனிக் கேள்வி. இனச் சதவீதங்களோடு அதைக் கூட்டினால் நூறைத் தாண்டும். ‘ஆசியர் மட்டும்’, ‘ஆசியரும் வேறு இனமும்’ என்ற இரண்டில் எதை எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். பழைய கணக்குகளுக்குப் போகிறவர்கள் கவனம்: 1970 சென்சஸில் இந்தியர்கள் வெள்ளையர் கணக்கில் சேர்ந்தார்கள், ‘ஏசியன் இந்தியன்’ என்ற கட்டம் 1980இல்தான் வந்தது. 2020க்கு இன்னொரு எச்சரிக்கை: தனியுரிமைக்காக எண்களில் வேண்டுமென்றே சிறு குலுக்கல் சேர்த்திருக்கிறார்கள். ஊர் அளவில் பொறுத்துக்கொள்ளலாம், தெருத் தொகுதி அளவில் எடுத்து வாதிடக் கூடாது.

தட்பவெப்பத்துக்கு அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா வெளியிடும் 1991–2020 முப்பதாண்டு இயல்பு மதிப்புகள் (அந்த ஆண்டுகளின் சராசரிகள்). சிறு ஊர் பலவற்றில் சொந்த வானிலை நிலையமே இருக்காது. மிக அருகில் உள்ளதை எடுப்பதைவிட ஒத்த நிலையத்தை எடுங்கள்: அதே உயரம், மலையின் அதே பக்கம், நீர்நிலையிலிருந்து ஏறத்தாழ அதே தூரம். நூறு மீட்டர் உயர வித்தியாசமே 0.6 டிகிரி செல்சியஸைப் புரட்டிவிடும். எந்த நிலையம், எத்தனை மீட்டர் உயரம் என்பதை அட்டவணைக்கு அடியிலேயே குறித்துவிடுங்கள். ஒத்த நிலையம் கிடைக்காவிட்டால் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரிசம் வரைபடம் இருக்கிறது; நிலப்பரப்பை 800 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தது. அது இடைவெளியை நிரப்பிய கணக்கு, நேரடி அளவு அல்ல என்று மறக்காமல் எழுதுங்கள்.

ஊரின் கோப்பென் வகையை (வெப்பத்தையும் மழையையும் வைத்துத் தட்பவெப்பத்தை வகைப்படுத்தும் முறை) ஊகிக்காமல் கணக்குப் போட்டே தீர்மானிக்கலாம். மாதச் சராசரி வெப்பம் வேண்டும், சராசரி அதிகபட்சம் அல்ல. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஜூலையில் பகல் 82, இரவு 56 ஃபாரன்ஹீட் என்றால் சராசரி 69. அது 71.6க்குக் கீழ் (22 செல்சியஸ்), ஆகவே வெப்பக் கோடை வகையில் சேராது. மிதமான வகையையும் குளிர்ந்த வகையையும் பிரிக்க, குளிர்காலத்துக்கு இரண்டு வரம்புகள் புழக்கத்தில் உள்ளன: மிகக் குளிர்ந்த மாதத்துக்கு 0 அல்லது −3 செல்சியஸ். ஸ்கார்ஸ்டேல் இருக்கும் தெற்கு வெஸ்ட்செஸ்டர் மாவட்டத்தின் ஜனவரி இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. அதனால் ஒரே ஊர் ஒருவர் கணக்கில் ஈரமான துணைவெப்ப வகை, இன்னொருவர் கணக்கில் ஈரமான கண்டத் தட்பவெப்ப வகை. எந்த வரம்பு என்று எழுதிவிட்டால் சண்டை இல்லை.

அலகு மாற்றும்போது வெப்பநிலைக்கும் வெப்ப வித்தியாசத்துக்கும் ஒரே சூத்திரத்தைப் போடாதீர்கள். இரவும் பகலும் 27 ஃபாரன்ஹீட் வேறுபட்டால் அது 15 செல்சியஸ் வேறுபாடு. வெப்பநிலைச் சூத்திரப்படி 32ஐக் கழித்து மாற்றினால் சுமார் −3 என்று அபத்தமாக வரும். மழை அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர். ‘இதுவரை பதிவான உச்சம்’ என்று எழுதினால் அந்த நிலையம் தொடங்கிய ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள்.