திருவனந்தபுரம் ஆராட்டு: வாள் போகிற வழியில் போய் நில்லுங்கள்

பத்மநாபசுவாமி கோயில் என்றாலே எல்லோரும் நிலவறைப் புதையலைத்தான் பேசுகிறார்கள். அதை விடுங்கள், நாம் யாரும் பார்க்கப்போவதில்லை. ராஜ்யம் கைவிட்டுப் போய் எழுபது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் திருவிதாங்கூர் குடும்பத்தின் மூத்தவர் உடைவாளைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, சாமியோடு கடற்கரை வரைக்கும் நடந்து போகிறாரே, அது தெருவில் நின்றாலே தெரியும்.

சாமியைக் கடலுக்குக் கொண்டுபோய் நீராட்டுகிற இந்த ஆராட்டு வருடத்துக்கு இரண்டு தடவை, 10 நாள் திருவிழாவின் கடைசி நாளில் நடக்கும். மார்ச்-ஏப்ரலில் வருவது பைங்குனி உற்சவம், அக்டோபர்-நவம்பரில் வருவது அல்பசி உற்சவம். தேதி ஒவ்வொரு வருடமும் மாறும், அதனால் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். முடிந்தால் ஒரு நாள் முன்னாலேயே போய்விடுங்கள். ஒன்பதாம் நாள் இரவு பள்ளிவேட்டை. கோட்டைக்குள்ளேயே ஒரு இளநீர்க் காயை வைத்து, மூத்தவர் அதில் அம்பு விடுவார். அவ்வளவுதான் வேட்டை, பார்க்காமல் விட்டால் வருத்தப்படுவீர்கள்.

ஆராட்டன்று காலையில் தரிசனத்தை முடித்துக்கொள்ளுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டியோடு போக வேண்டும். பெண்களுக்குப் புடவை நல்லது, சுடிதாரோடு வந்தால் மேலே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொள்ளச் சொல்வார்கள். இந்துக்களுக்கு மட்டும்தான் அனுமதி. உள்ளே படுத்திருக்கும் பெருமாளை மூன்று வாசல் வழியாகத் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். வரிசை தள்ளிக்கொண்டே போகும், ஆனாலும் காலுக்குக் கீழே இருக்கிற ஒற்றைக்கல் மண்டபத்தைக் கவனியுங்கள். அதில் விழுந்து கும்பிடக் கூடாது. விழுந்தால் உங்களுக்குச் சொந்தமானதெல்லாம் பத்மநாபனுக்குப் போய்விடும் என்பது ஐதீகம், ராஜா மட்டும் விழலாம். ஏனென்றால் அவருக்கென்று எதுவும் இல்லை! 1750-ல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே சாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இனி நான் பத்மநாபதாசன் என்று ஆண்டார். திருப்படிதானம் என்கிறார்கள். பக்தியும் இருந்தது, சண்டை போட்டுப் பிடித்த நாட்டைச் சாமி பெயரில் வைத்தால் எவன் எதிர்ப்பான் என்ற கணக்கும் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1971-ல் மன்னர் மானியமும் பட்டங்களும் ஒழிந்தபோதுகூட இந்த உறவு அறுபடவில்லை. கோயிலில் அந்தக் குடும்பத்துக்கு உள்ள உரிமை செல்லும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, நிர்வாகம் மட்டும் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம்.

சரி, எங்கே நிற்பது? சாயங்காலம் ஊர்வலம் மேற்கு நடையிலிருந்து, அதாவது கோயிலின் மேற்கு வாசலிலிருந்து கிளம்பும். வெயில் தாழட்டும் என்று காத்திருக்காமல் சீக்கிரமே போய், மேற்கு நடைக்கும் வள்ளக்கடவுக்கும் நடுவில் ஓர் இடம் பிடியுங்கள். அதற்கப்புறம் சாமி விமான நிலையத்துக்குள் புகுந்து, ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறார். அதற்காகச் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவிடுவார்கள். உள்ளே அனுமதி இல்லாமல் விட மாட்டார்கள், பின்னாலேயே ஓடாதீர்கள். கடலில் நீராட்டு பார்க்க ஆசையென்றால் முதலிலேயே சங்குமுகத்துக்குப் போய்விடுங்கள், இரண்டையும் பிடிக்க நினைத்தால் இரண்டும் போகும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இருட்டிய பிறகு தீவட்டி வெளிச்சத்தில் திரும்புகிற ஊர்வலம் தோது. யானை, போலீஸ் பேண்டு, கருட வாகனங்கள் எல்லாம் வரும், அந்தக் களேபரத்தில் வாள் பிடித்தவரைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் நவராத்திரிக்கு முன்னால் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம். அரண்மனை தமிழ்நாட்டில், பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறை! அங்கே உடைவாளைக் கைமாற்றிக் கொடுத்த பிறகுதான் சரஸ்வதி அம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குக் கிளம்புவார்கள். வழியில் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கல் உண்டு, பத்மநாபபுரத்துக் கூட்டம் வேண்டாமென்றால் அங்கே போய்ப் பாருங்கள்.