ஒப்பிக்கிறதா, எண்ணுகிறதா?

மூன்று வயதுக் குழந்தை பத்து வரை கடகடவென்று சொல்லும். ‘மூணு கொடு’ என்றால் கைக்கு வந்ததை அள்ளித் தரும். எண்ணின் பெயர் முதலில் வரும், பொருள் பல மாதம் கழித்துத்தான். உளவியலாளர் கேரன் வின் 1990-இல் பயன்படுத்திய முறையில் இதை வீட்டிலேயே பார்க்கலாம்.

ஒரே மாதிரியான 15 மரக்கட்டைகள், ஒரு தட்டு, ஒரு பொம்மை போதும். (புளியங்கொட்டை வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும்.) ‘பொம்மைக்கு ஒண்ணு கொடு’ என்று தொடங்குங்கள். சரியாகத் தந்தால் அடுத்த எண், தவறினால் முந்தைய எண். மூன்று தடவை கேட்டதில் இரண்டு தடவையாவது சரியாக வந்த மிகப் பெரிய எண்தான் குழந்தையின் நிலை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: எதைக் கேட்டாலும் இரண்டையே தரும் குழந்தைக்கு ‘இரண்டு’ தெரியும் என்று குறிக்கக் கூடாது. வேறு எண் கேட்கும்போது இரண்டைத் தராமலும் இருக்க வேண்டும்.

தந்ததும், சரியோ தவறோ, ‘இது மூணா? எண்ணிப் பாரு’ என்று கேட்டுத் திருத்த விடுங்கள். தவறும்போது மட்டும் கேட்டால் குறிப்பு கொடுத்ததாகிவிடும். குழந்தையின் நிலை ஒன்று, இரண்டு, மூன்று எனப் படிப்படியாகத்தான் ஏறும். மூணு அல்லது நாலுக்குப் பிறகு சட்டென்று ஐந்து, ஆறு எல்லாம் பிடிபடும். சலித்துக்கொண்டால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள்.