அசோசியேஷனுக்கு ஆள் பிடிப்பது எப்படி?

இருபது, முப்பது வீடுகள் உள்ள அபார்ட்மென்டில் செகரட்டரி பதவி என்றாலே ஆளுக்கொரு பக்கம் நழுவுவார்கள். பயம் வேலையைக் கண்டு அல்ல, அதற்கு எல்லையே இல்லை என்பதைக் கண்டு. இரவு பத்து மணிக்கு சம்ப் வற்றினாலும் லிஃப்ட் நடுவில் நின்றாலும் ஒரே ஆளின் போன்தான் அடிக்கிறது. மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

எனவே ஆள் தேடுமுன் வேலையைக் குறையுங்கள். இப்போதைய செகரட்டரி தனக்கு வரும் ஒவ்வொரு போனையும் ஒரு மாதம் நோட்டில் குறிக்கட்டும். நிறைய விஷயம் வாட்ச்மேனே முடிக்கக்கூடியது என்று தெரியவரும். பிளம்பர், எலக்ட்ரீஷியன், லிஃப்ட் கம்பெனி, தண்ணீர் லாரி நம்பர்களை கேட் அருகே ஒட்டுங்கள். சம்ப் சுவரில் பெயின்டால் ஒரு கோடு போட்டு, தண்ணீர் அதற்குக் கீழே போனால் யாரையும் கேட்காமல் லாரிக்குச் சொல்லலாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிடுங்கள்.

மிச்சத்தைப் பிரியுங்கள்: தண்ணீர், மோட்டார் ஒருவருக்கு, லிஃப்ட், ஜெனரேட்டர் ஏஎம்சி (வருடாந்திர பராமரிப்பு ஒப்பந்தம்) இன்னொருவருக்கு, கணக்கு மூன்றாமவருக்கு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் வேண்டும். பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஆனால் மூன்று வருஷம் என்று கேட்டால் கதவு சாத்தப்படும். ஒரு வருஷம் கேளுங்கள். பிடித்துப்போனால் அவரே தொடர்வார்.

‘விருப்பமுள்ளவர்கள் பெயர் தரவும்’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். நாலு கட்டைவிரல் வரும், ஆள் வராது. ஏஜிஎம்மில் (ஆண்டுப் பொதுக்கூட்டத்தில்) திடீரென்று கேட்பதும் வீண். எல்லோரும் போனைக் குனிந்து பார்ப்பார்கள். பொங்கல் முடிந்ததும் வீட்டுக்கே போய்க் கேளுங்கள். ஏப்ரல், மே வந்தால் பிள்ளைகள் லீவுக்குப் பாதி வீடு பூட்டிக் கிடக்கும்.

கேட்கும்போது வேலையோடு நேரத்தையும் சொல்லுங்கள்: “சார், லிஃப்ட் ஏஎம்சி மட்டும் நீங்க பாருங்க. மாசம் ரெண்டு மணி நேரம் ஆகும். அடுத்த மார்ச்சோட முடிஞ்சிடும்.” கணக்குக்கு ஆள் கிடைக்காததற்கு ஜிஎஸ்டி பயமும் ஒரு காரணம். வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய் வரையிலான மெயின்டனன்ஸுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஓனர்களையும் விடாதீர்கள். பேங்க் ஸ்டேட்மென்டை எக்ஸலோடு ஒத்துப்பார்க்க நேரில் வரவேண்டியதில்லை. வாடகைக்கு இருப்பவர்களைக் குழுவில் சேர்க்க பெரும்பாலும் பைலா (அசோசியேஷன் விதிகள்) இடம் தராது, ஆனால் தோட்டம், பொங்கல் விழா போன்றவற்றை அவர்களிடம் தாராளமாக ஒப்படைக்கலாம்.

அதிகம் குறை சொல்பவருக்கே பதவி கொடுக்கும் தந்திரம் பாதி நேரம்தான் பலிக்கும். அவர் குறை சொல்லும் அந்த ஒரு வேலையை முதலில் கொடுத்துப் பாருங்கள்.

ஆள் கிடைத்தபின் சொதப்புவது ஒப்படைப்பில். பேங்கில் கையெழுத்து மாற்ற தீர்மான நகல், புதியவர்களின் கேஒய்சி எல்லாம் கேட்பார்கள். மாறும்வரை வாட்ச்மேன் சம்பள செக்கில் பழையவர்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்பதால், அவர் ஊருக்குப் போகுமுன் இதை முடியுங்கள். பொது மீட்டர் இபி கணக்கிலும் அசோசியேஷன் மெயிலிலும் உள்ள மொபைல் நம்பரையும் அன்றே மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்தும் ஓடிபி கேட்டு பழைய செகரட்டரியின் கதவைத் தட்டவேண்டியிருக்கும்.