சீசனுக்கு முன் மலை விடுதியைத் திறப்பது: பெயின்ட் கடைசியில்தான்

பூட்டிக் கிடந்த விடுதியைச் சீசனுக்குத் திறக்கிறவர்கள் முதல் வேலையாகப் பெயின்ட் கடைக்குப் போகிறார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் போனேன். சுவர் பளிச்சென்று இருந்தது, புதுத் திரைச்சீலை, வாசலில் பூந்தொட்டி. முதல் குடும்பம் வந்து இறங்கிய சாயங்காலம் குழாயைத் திறந்தால் காற்று வந்தது, அப்புறம் கொஞ்சம் பழுப்புத் தண்ணீர், அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. அன்று ராத்திரி பக்கத்துத் தோட்டத்திலிருந்து குடம் குடமாகச் சுமந்தேன். அந்த வருடத்துக்குப் பிறகு பெயின்ட் எங்கள் பட்டியலில் கடைசி வரிக்குப் போய்விட்டது.

எங்களுடையது கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை தாண்டிப் போகும் பக்கம், ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் நான்கே அறை. டவுனில் விடுதி நடத்துகிறவர்கள் டிசம்பர் விடுமுறையையும் விடமாட்டார்கள். எங்களுக்கு நான்கு அறைக்கு ஆள் வைத்து நடத்தக் கட்டுப்படியாகாது, அதனால் அக்டோபரில் வடகிழக்கு மழை பிடித்ததும் பூட்டிவிட்டு இறங்கிவிடுவோம். மழை, அப்புறம் டிசம்பர் ஜனவரி உறைபனி, எல்லாம் முடிந்து பிப்ரவரி நடுவில் மேலே ஏறினால் ஏப்ரல் முதல் வாரம் திறக்கலாம். ஆறு வாரம் எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு சின்ன வாஷர் வாங்க அரை நாள் போகிற ஊர் இது.

முதலில் தண்ணீர். மேல்மலையில் பல இடங்களில் போர்வெல் கிடையாது. மேலே ஒரு ஊற்று, அங்கிருந்து கருப்பு ஓஸ், மோட்டார் இல்லாமல் தானாக இறங்கி வரும் தண்ணீர். எங்களுடைய ஓஸ் அரைக் கிலோமீட்டர் இருக்கும். பூட்டியிருந்த மாதங்களில் அதன்மேல் காட்டுமாடு நடந்திருக்கும், பன்றி கிளறியிருக்கும், ஊற்று வாயில் இலையும் சேறும் அடைத்திருக்கும். எனவே முதல் நாள் காலையிலேயே ஊற்றிலிருந்து தொட்டி வரை ஓஸ் கூடவே நடந்து பாருங்கள். தனியாகப் போகாதீர்கள், பனிமூட்டத்திலும் போகாதீர்கள். புதருக்கு அந்தப் பக்கம் காட்டுமாடு நிற்பது பத்தடியில்தான் தெரியும்.

ஓஸ் எங்கும் உடையவில்லை, ஊற்றிலும் தண்ணீர் இருக்கிறது, ஆனாலும் தொட்டிக்கு வரவில்லையா? காற்று பிடித்திருக்கும். நான் இரண்டு நாள் பள்ளமாகப் பார்த்து ஓஸைத் தட்டிக்கொண்டிருந்தேன். எங்களோடு வேலை செய்யும் உள்ளூர் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "தண்ணி வரலைன்னா மேட்டுல தேடுங்க தம்பி, காத்து மேட்டுலதான் உக்காந்திருக்கும்" என்றார். ஓஸ் ஏறி இறங்கும் இடங்களில் மேட்டு முனையில்தான் காற்று தங்கி, பின்னால் வரும் தண்ணீரைத் தடுக்கிறது. அந்த முனை ஒவ்வொன்றிலும் ஒரு டி ஜாயின்ட் போட்டு சின்ன வால்வு வைத்துவிட்டால், திறந்ததும் உஸ்ஸென்று காற்று போய்விடும். பள்ளத்தில் தங்குவது மண். அங்கே ஜாயின்ட்டைக் கழற்றி மண்ணை வெளியேற்ற வேண்டும். ஊற்று வாயில் கொசுவலைக் கம்பி கட்டிவிடுங்கள், தவளை ஓஸுக்குள் போனால் அதை எடுக்கிற பாடு பெரும்பாடு.

அடுத்தது தொட்டி. முழுக்க வடித்து, உள்ளே இறங்கி, சோப்புப் போடாமல் பிரஷ்ஷால் மட்டும் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய பிறகு நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் புது பிளீச்சிங் பவுடர். அப்படியே கொட்டாதீர்கள். ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசனை வரும்வரை திறந்துவிட்டு மூடி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். மறுநாள் வடிக்கும்போது அந்தத் தண்ணீர் செப்டிக் டேங்குக்கோ ஓடைக்கோ போகக்கூடாது. செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கிற பாக்டீரியாவையே அது கொன்றுவிடும். வெறும் மண்ணில், ஊற்றுக்குக் கீழே எங்காவது ஊறவிடுங்கள். போன வருடத்து பிளீச்சிங் பவுடர் மூட்டை மிச்சம் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், வைக்க வைக்க அதன் வீரியம் போய்விடும்.

குடிக்கும் தண்ணீருக்கு மறுபடி நிரப்பிய பின் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, எங்களுக்குத் திண்டுக்கல். கிருமிப் பரிசோதனைக்கான தண்ணீரை வீட்டுப் பாட்டிலில் எடுக்கக்கூடாது, அவர்கள் தரும் சுத்தம் செய்த பாட்டிலில் பிடித்துக் குளிர்ச்சியாக வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முடிவு நன்றாக வந்தாலும் நாங்கள் கொதிக்க வைத்துத்தான் தருகிறோம். இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாது, 93-ஐ ஒட்டியே கொதித்துவிடும். அதனால் கொதி வந்ததும் அணைக்காமல் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் அறையில் கண்ணாடி ஜாடியோ எவர்சில்வர் கூஜாவோதான், அதையும் சீசனுக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு அடுத்தபடி புகை. இதில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். கணப்பு (குளிருக்கு அறைக்குள் விறகு எரிக்கிற இடம்) இருக்கிற விடுதி என்றால் புகைபோக்கிக்குள் குருவி கூடு கட்டியிருக்கும், பழைய கரி படிந்து ஓடு மாதிரி ஒட்டியிருக்கும். மேலேறி நீளமான பிரஷ்ஷை விட்டுத் தட்டி இறக்குங்கள். கீழே சாக்கை விரிக்க மறந்தால் அறை முழுக்கக் கரிதான். சுத்தம் செய்த பிறகு ஒரு கத்தைக் காகிதத்தைக் கொளுத்திப் பாருங்கள். புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பினால் அந்தக் கணப்பை இந்த சீசனுக்கு மூடிவிடுவதுதான் உத்தமம். விருந்தினர் கேட்பார்கள், கெஞ்சக்கூடச் செய்வார்கள், மசியாதீர்கள்.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் சுற்றுலா வந்த இரண்டு பேர் பார்பிக்யூ அடுப்புக் கரியை அறைக்குள் எரியவிட்டுத் தூங்கி, எழுந்திருக்கவே இல்லை. குளிருக்காகக் கதவு ஜன்னலை இறுக்கி மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, இருமல்கூட வராது. தூக்கம் வருகிற மாதிரி வந்து ஆளை முடித்துவிடும். அதனால் கரி அடுப்பு எதுவும் வாசற்படி தாண்டி உள்ளே வரக்கூடாது என்று ஒவ்வொரு அறையிலும் எழுதி ஒட்டுங்கள், ஒட்டியதோடு விடாமல் சாவி கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருந்தால் கழற்றி வெளிச்சுவரில் மாட்டுங்கள். கணப்பு இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வையுங்கள், வருடத்துக்கு ஒருமுறை பேட்டரியை மாற்றுங்கள், அதில் போட்டிருக்கும் காலாவதித் தேதி தாண்டினால் அலாரத்தையே மாற்றுங்கள். விறகும் காய்ந்ததாக இருக்க வேண்டும். வெட்டி ஆறு மாதமாவது ஆன வாட்டில் மரக் கட்டைகளைப் பட்டா நிலத்துக்காரர்களிடம் ரசீதோடு வாங்கித் தகரக் கொட்டகைக்குள் அடுக்குங்கள். காட்டுக்குள் போய்ப் பொறுக்கி வரச் சொல்லி ஆளை அனுப்பாதீர்கள், வனத்துறையிடம் மாட்டினால் விறகை விட அபராதம்தான் அதிகம் எரியும்.

புகையைப் பற்றிப் பேசும்போதே நெருப்பும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை காட்டுத்தீ காலம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்களைத் தீ கொண்டுபோனது நினைவிருக்கும், அதுவும் இதே பருவம்தான். விடுதியைச் சுற்றி முப்பதடிக்காவது காய்ந்த புல்லை அறுத்து, சருகை அள்ளி, மண் தெரிய வைத்துவிடுங்கள். அள்ளியதை அங்கேயே கொளுத்துகிற வேலை மட்டும் வேண்டாம். குழி வெட்டி மக்க விடுங்கள்.

கூரை, வடிகால் எல்லாம் ஒரு நாளில் முடியும். தகரக் கூரை என்றால் ஆணித் தலையில் இருக்கும் ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள், ஒழுகல் பெரும்பாலும் அங்கிருந்துதான். ஏப்ரல் மே மாதத்தில் சாயங்காலம் இடியோடு கோடை மழை கொட்டும், அதற்குள் வீட்டுக்குப் பின்னால் மேட்டிலிருந்து வரும் வாய்க்காலைத் தோண்டிவிட்டிருக்க வேண்டும்.

மின்சாரத்தில் எலி கடிக்காத வயர் இருந்தால் அதிர்ஷ்டம். மெயினைப் போடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனை ஒருமுறை அழைத்து எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள், மெயினைப் போட்டதும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டுகிற ஆர்சிசிபி-யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும், விழாவிட்டால் மாற்றிவிட வேண்டும். கீசருக்குள் தண்ணீர் நிரம்பியதை வெந்நீர்க் குழாயில் பார்த்த பிறகுதான் சுவிட்ச். காலியாக இருக்கும்போது போட்டால் காயில் போய்விடும் (எனக்கு இரண்டு போயிருக்கிறது, இரண்டும் ஒரே காலையில்). இன்வெர்ட்டர் பேட்டரி மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் தானாகவே இறங்கிச் செத்துவிடும். பூட்டுகிற காலத்தில் மாதம் ஒருமுறை யாராவது போய் சார்ஜ் ஏற்றி, டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்க்க ஏற்பாடு செய்துவிட்டால் ஒரு பேட்டரி விலை மிச்சம். ஜெனரேட்டரில் பழைய பெட்ரோல் நின்றிருந்தால் கார்புரேட்டரில் பிசின் கட்டியிருக்கும், வடித்துச் சுத்தம் செய்து புதிது ஊற்றுங்கள்.

மெத்தையும் கம்பளியும் மார்ச் வெயிலை விட்டால் வேறு எப்போதும் காயாது. காலை பத்து மணிக்கு வெளியே போட்டு மூன்று மணிக்குள் உள்ளே எடுங்கள், அதற்கு மேல் விட்டால் பனி ஈரம் ஏறிவிடும். பூஞ்சை உள்ளே இறங்கிய மெத்தையைக் காயவைத்துப் பயனில்லை, ராத்திரி மூச்சு விட்டாலே தெரியும். தூக்கிப் போடுங்கள். கட்டிலுக்கு இரண்டு கம்பளி, ஒரு ரஜாய் (பஞ்சு வைத்த தடித்த போர்வை) என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம்தானே என்று மதுரையிலிருந்து மெல்லிய போர்வையோடு வருகிறவர்களுக்கு அதுவும் போதாது.

சமையலறை. கீழே நன்றாகச் சமைக்கிற மாஸ்டரைக் கூட்டிவந்தால் முதல் வாரம் அவருக்கு மனசு உடைந்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது, எல்லாம் குக்கர்தான். இட்லி மாவு எட்டு மணி நேரத்தில் பொங்கும் என்று நம்பி இருந்தால் காலையில் மாவு அரைத்த மாதிரியே உட்கார்ந்திருக்கும். நாங்கள் முந்தின நாள் மத்தியானமே அரைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அடுப்புப் பக்கத்தில் கம்பளி சுற்றி வைக்கிறோம், அப்படியும் பதினாறு மணி நேரம் ஆகும். மாவு பொங்காமல் போகிற நாளுக்கு உப்புமா ரவையும் வைத்திருங்கள். கேஸ் சிலிண்டர் வணிகத்துக்கான 19 கிலோதான் வைக்க வேண்டும். ஒன்று ஓடும்போது இரண்டு கையிருப்பில் இருக்கட்டும், சீசனில் வண்டி எப்போது மேலே வரும் என்று சொல்ல முடியாது. டியூபைப் புதிதாக மாற்றிச் சோப்பு நுரை தடவிக் குமிழி விடுகிறதா என்று பாருங்கள். மளிகையை வத்தலக்குண்டில் மொத்தமாக ஏற்றிவிடுங்கள். காய்கறிக்குக் கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, கேரட்டும் மலைப்பூண்டும் பக்கத்துத் தோட்டத்திலேயே வாங்கலாம்.

காகித வேலையில் சுருக்கமாகச் சொன்னால், உணவுப் பாதுகாப்புப் பதிவு காலாவதியாகியிருக்கிறதா என்று பாருங்கள், தீயணைப்பான் தேதியும் அப்படியே. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் விவரம் ஏற்ற வேண்டும், எங்கள் பக்கம் சிக்னல் வந்து போகும் என்பதால் இதற்கென்றே ஒரு மேடான இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். முன்பதிவு செய்கிறவர்களிடம் இ-பாஸ் (மலைக்கு வண்டியில் வர இணையத்தில் எடுக்கிற அனுமதி) பற்றி முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7-லிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இது வந்தது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். பாஸ் எடுக்காமல் கிளம்பி, அடிவாரத்தில் நின்றுகொண்டு உங்களுக்குப் போன் செய்து கத்துகிறவர்களை ஒரு வரிக் குறுஞ்செய்தியில் தவிர்த்துவிடலாம்.

எல்லாம் முடிந்தது என்று தோன்றும்போது ஒவ்வொரு அறையிலும் ஒரு ராத்திரி நீங்களே படுங்கள். ஆளை விட்டுச் செய்யச் சொல்கிற வேலை இல்லை இது. ராத்திரி பதினொன்றுக்கு வெந்நீர் எத்தனை வாளி வருகிறது, எந்த ஜன்னல் இடுக்கில் காற்று ஊதுகிறது, கழிவறைக்குப் போகிற வழியில் எந்த இடத்தில் கால் தடுக்குகிறது, காலை ஐந்து மணிக்கு எந்தப் பலகை கிரீச்சிடுகிறது என்பதெல்லாம் பகலில் நடந்து பார்த்தால் தெரியவே தெரியாது. போன வருடம் நான்காவது அறையில் படுத்தபோதுதான் கதவுத் தாழ்ப்பாள் ஈரத்தில் ஊறி உள்ளிருந்து திறக்கவில்லை என்று கண்டுபிடித்தேன். ஜன்னல் வழியாகக் குதித்து வெளியே வந்ததை அண்ணன் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

நாள் மிச்சமிருந்தால் பெயின்ட் அடியுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிய பிறகு தொடங்கி மூன்று மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். பனிமூட்டம் இறங்கிய சுவரில் அடித்தால் ஒரு மாதத்தில் அப்பளமாக உரிந்து வரும். வாசனை போக ஜன்னலைத் திறந்துபோட்டு ஒரு வாரமாவது விடுங்கள், குரங்கு உள்ளே வராமல் வலை அடித்துவிட்டு.