ஸ்பானிய கிட்டாரை வீட்டில் கேட்கத் தொடங்குவோம்: தாரேகா முதல் பாகோ வரை

பழைய நோக்கியா போன் அடிக்கும்போது வரும் மெட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிரான்சிஸ்கோ தாரேகா என்ற ஸ்பானியக் கிட்டார் கலைஞர் 1902இல் எழுதிய ‘கிரான் வால்ஸ்’ என்ற உருப்படியிலிருந்து எடுத்த சிறு துண்டு அது. ஆக, இந்த இசை உங்கள் காதுக்கு முழுக்கப் புதிதல்ல. அந்தத் துண்டிலிருந்து தொடங்கி நல்ல இசைத்தட்டுகள் வரை எப்படிப் போவது என்று படிப்படியாகச் சொல்கிறேன். கிட்டார் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டாம், மேற்கத்திய இசை இலக்கணமும் வேண்டாம். ஒரு பாட்டுச் செயலியும் சுமாரான ஹெட்போனும் தினம் அரை மணி நேரமும் இருந்தால் போதும்.

முதல் படி: தேடுவதை இரண்டாகப் பிரியுங்கள்

செயலியில் ‘ஸ்பானிஷ் கிட்டார்’ என்று மட்டும் போட்டுத் தேடாதீர்கள். மழைச் சத்தமும் கீபோர்டும் கலந்த ‘மன அமைதிக்கான’ தொகுப்புகள்தான் வரிசையாக வந்து நிற்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று பத்து நாளில் விட்டுவிட்டேன். திரும்பி வர ஒரு வருஷம் ஆனது.

ஸ்பானிய கிட்டாரில் இரண்டு வழிகள்: கிளாசிக்கல், ஃபிளமெங்கோ. கிளாசிக்கல் கிட்டாரில் ஒருவர் எழுதி வைத்த உருப்படியைப் பலர் வாசிக்கிறார்கள். அதனால் எழுதியவர் பெயரையும் உருப்படியின் பெயரையும் போட்டுத் தேட வேண்டும். ஃபிளமெங்கோ என்பது தெற்கு ஸ்பெயினில் வளர்ந்த இசை மரபு. அதில் வாசிப்பவரே பெரும்பாலும் இசையமைப்பாளர். அங்கே கலைஞரின் பெயரைப் போட்டுத் தேட வேண்டும். கூடவே ‘பாலோ’ என்ற ஒன்றையும் கவனிக்க வேண்டும். தாளம், சுரங்களின் போக்கு, மனநிலை மூன்றும் சேர்ந்த அச்சுதான் பாலோ. சோலெயா, புலெரியா, அலெக்ரியா, தரந்தா என்று பல உண்டு. பல தட்டுகளில் உருப்படியின் பெயருக்குப் பக்கத்திலேயே பாலோவின் பெயரும் இருக்கும். கச்சேரிப் பட்டியலில் ராகமும் தாளமும் போடுவது போலத்தான்.

இன்னொரு சிக்கலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜான் வில்லியம்ஸ் என்று தேடினால் ஹாலிவுட் படங்களுக்கு இசையமைத்தவர்தான் முதலில் வருவார். நமக்கு வேண்டியவர் 1941இல் மெல்போர்னில் பிறந்த கிட்டார் கலைஞர். பெயரோடு ‘கிட்டார்’ என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.

இரண்டாம் படி: அறையைத் தயார் செய்யுங்கள்

மின்விசிறியை நிறுத்துங்கள், இதுதான் முக்கியம். நைலான் தந்திக் கிட்டார் சத்தம் குறைந்த கருவி. ஒரு சுரம் தேய்ந்து மறையும் அந்தக் கடைசி நொடியை விசிறிச் சத்தம் விழுங்கிவிடும். ஒலியையும் ரொம்பக் கூட்டாதீர்கள். ஒருவர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவு போதும். ஸ்பானியக் கிளாசிக்கல் கிட்டார் மேதை ஆந்திரேஸ் செகோவியா பெரிய அரங்குகளில்கூட மைக் வேண்டாம் என்றுதான் வாசித்தார். விடிகாலையில் கேட்டுப் பாருங்கள், விரல் தந்தியில் உரசும் ஒலிகூடத் தெரியும்.

மூன்றாம் படி: ஒரே உருப்படி, இரண்டு கைகள்

இங்கே அவசரப்படாதீர்கள். தாரேகாவின் ‘ரெகுவெர்தோஸ் தெ லா அல்ஹாம்ப்ரா’வை எடுத்துக்கொள்ளுங்கள். கிரனாடாவில் உள்ள அல்ஹாம்ப்ரா அரண்மனையின் நினைவுகள் என்று பொருள். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

முதல் முறை கேட்கும்போது இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். வாசிப்பது ஒருவர்தான். வலது கைக் கட்டைவிரல் கீழ்ச்சுரத்தை மீட்டுகிறது. உடனே மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டிவிரல் மூன்றும் அடுத்தடுத்து ஒரே தந்தியைத் தட்டுகின்றன. மறுபடியும் கட்டைவிரல், மறுபடியும் அந்த மூன்று. மேசையில் உங்கள் வலது கையை வைத்து இதே வரிசையில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். இதை வேகமாக, கொஞ்சமும் மேடுபள்ளம் இல்லாமல் செய்தால் மேலே உள்ள சுரம் அறுபடாமல் தூறல் போல நீளும். இந்த உத்திக்குத் ட்ரெமோலோ என்று பெயர்.

இப்போது இப்படிக் கேளுங்கள். முதல் தடவை மேலே ஓடும் மெட்டை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை அதை விட்டுவிட்டுக் கட்டைவிரலை மட்டும் கேளுங்கள். அடியில் இன்னொரு பாட்டே ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாம் தடவை கலைஞரை மாற்றுங்கள். செகோவியாவின் பழைய பதிவில் இரைச்சல் இருக்கும், ஆனால் அவர் சில சுரங்களில் தயங்கி நிற்கிற அழகு வேறு யாரிடமும் இல்லை. ஜான் வில்லியம்ஸ் பளிங்கு மாதிரி, ஒரு சுரம்கூடப் பிசகாது. மாலகாவில் பிறந்த பெப்பே ரொமேரோவையும் கேளுங்கள். யாரைப் பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அவரையே அடுத்த ஒரு வாரம் பின்தொடருங்கள்.

நான்காம் படி: பட்டியலை மெல்ல நீட்டுங்கள்

அடுத்து ஸ்பானிய இசையமைப்பாளர் இசாக் அல்பேனிஸின் ‘அஸ்தூரியாஸ்’. இதை அவர் பியானோவுக்குத்தான் எழுதினார். பியானோவில் கிட்டாரைப் போல ஒலிக்கச் செய்ய முயன்ற உருப்படி, பிறகு கிட்டாருக்கே வந்து சேர்ந்தது. இன்று பலர் இதைக் கிட்டாருக்கே எழுதியது என்று நினைக்கிறார்கள். அஸ்தூரியாஸ் ஸ்பெயினின் வடக்கில் இருக்கிறது, இந்த இசையோ தெற்கே ஆந்தலூசியாவின் வாசனை கொண்டது. அந்தப் பெயர் அல்பேனிஸ் இறந்த பிறகு பதிப்பாளர் வைத்தது.

கிட்டார் கலைஞர் ஜூலியன் பிரீம், அல்பேனிஸ், கிரனாதோஸ் என்ற இரண்டு ஸ்பானிய இசையமைப்பாளர்களின் உருப்படிகளை மட்டும் வைத்து வெளியிட்ட தட்டு என் வீட்டில் அதிகம் ஓடுவது. பிரீம் ஆங்கிலேயர். தந்திகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மீட்டினால் ஒலி கூர்மையாகும், ஒலித்துளைக்கு மேலே மீட்டினால் குழையும். ஒரே வரியை இரண்டு நிறத்தில் அவர் சொல்வதைக் கேட்டுப் பழகுங்கள். அப்புறம் பராகுவேயின் அகுஸ்தின் பார்ரியோஸ். அவருடைய உருப்படிகளை வைத்து ஜான் வில்லியம்ஸ் 1977இல் வெளியிட்ட தட்டைத் தேடி, அதில் ‘லா கதெட்ரல்’ கேளுங்கள்.

ஐந்தாம் படி: பாலத்தைக் கடக்க ‘அரான்ஹுவெஸ்’

ஸ்பானிய இசையமைப்பாளர் ஹோவாகின் ரொத்ரீகோவின் ‘கொன்சியெர்தோ தெ அரான்ஹுவெஸ்’ 1939இல் எழுதி முடிந்து, 1940 நவம்பரில் பார்சிலோனாவில் அரங்கேறியது. ரொத்ரீகோ மூன்று வயதிலேயே தொண்டை அடைப்பான் நோயால் பார்வையை இழந்தவர். கிட்டாரும் முழு வாத்தியக் குழுவும் சேர்ந்த இசை இது. நேராக இரண்டாம் பகுதிக்குப் போங்கள். கிட்டார் மெல்லச் சுருதி போட, இங்கிலீஷ் ஹார்ன் மெட்டைத் தொடங்கும். அதுவும் நம் நாதஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் கருவிதான். பிறகு அதே மெட்டைக் கிட்டார் வாங்கிக்கொண்டு விரித்துச் சொல்லும்.

முதலில் கிளாசிக்கல் கலைஞர் நார்சிசோ யெப்பேஸ் வாசித்ததைக் கேளுங்கள். அடுத்து பாகோ டி லூசியா 1991இல் வெளியிட்டது. பாகோ ஃபிளமெங்கோக்காரர், சுரக்குறிப்பைப் பார்த்து வாசித்துப் பழகியவர் அல்ல, இந்த இசைக்காகவே உழைத்துக் கற்றுக்கொண்டார். யெப்பேஸிடம் ஒவ்வொரு சுரமும் உருண்டு வரும். பாகோவிடம் ஒலி காய்ந்தது போல, நெருக்கமாக, தாளத்தின் மேல் குத்திட்டு நிற்கும். விரல் மட்டும் காரணமல்ல, கருவியும் ஒரு காரணம். ஃபிளமெங்கோ கிட்டாரின் பக்கங்களும் முதுகும் வழக்கமாக சைப்ரஸ் மரம், லேசான உடல், தந்திகள் தாழ்வாக இருக்கும். கிளாசிக்கல் கிட்டாருக்குப் பெரும்பாலும் ஈட்டி மரம் போன்ற கனமான மரம்.

ஆறாம் படி: ஒரு தட்டில் எட்டு பாலோ

ஃபிளமெங்கோவுக்கு ஒரே ஒரு தட்டுதான் வாங்க முடியும் என்றால், பாகோ 1973இல் வெளியிட்ட ‘ஃபுவெந்தே இ கௌதால்’. எட்டு உருப்படிகளில் ரும்பா, ஃபந்தாங்கோ, கிரனாயினா, தரந்தா, புலெரியா, தாங்கோ, அலெக்ரியா என்று முக்கியமான பாலோக்கள் வரிசையாக வந்துவிடும். முதலில் வரும் ‘என்ட்ரே தோஸ் அகுவாஸ்’ ரும்பா. நான்கு எண்ணிக்கை, பாங்கோ தாளம், வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும். அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

நான்காவதாக வரும் ‘சொலேரா’வுக்குப் போங்கள். இது பன்னிரண்டு எண்ணிக்கை. 3, 6, 8, 10, 12 என்ற இடங்களில் அழுத்தம் விழும். எண்ணிப் பார்த்தால் குழம்பும், அதனால் எண்ண வேண்டாம். ‘தகிட தகிட தக தக தக’ என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு ‘த’வுக்கும் தொடையில் தட்டுங்கள். முதல் ‘த’ பன்னிரண்டில் விழ வேண்டும். மூன்றும் மூன்றும் இரண்டும் இரண்டும் இரண்டும், மொத்தம் பன்னிரண்டு. வரிகள் பெரும்பாலும் பத்தில், அதாவது கடைசி ‘தக’வின் ‘த’வில், வந்து அடைவதைக் கவனியுங்கள். முதல் நாள் தவறும், மூன்றாம் நாள் கை தானாக விழும். எனக்கு அது விழுந்த நாளில்தான் ஃபிளமெங்கோ புரியத் தொடங்கியது.

கர்நாடக சங்கீதம் கேட்கும் காதுக்கு இன்னொரு பிடியும் உண்டு. ஃபிளமெங்கோவின் சுர வரிசை பல இடங்களில் தோடியின் சுரங்களோடும், காந்தாரம் ஏறும்போது வகுளாபரணத்தின் சுரங்களோடும் ஒத்துப்போகும். கமகம் இருக்காது, ஆனால் அந்தச் சிறிய ரிஷபம் ஷட்ஜத்தில் வந்து இறங்குவது உடனே அடையாளம் தெரியும்.

ஏழாம் படி: பாட்டையும் சேருங்கள்

ஃபிளமெங்கோவில் முதலில் பாட்டு. கிட்டார் அதற்குப் பக்கவாத்தியமாக வளர்ந்தது. காமரோன் டி லா இஸ்லா பாட, பாகோ வாசித்த தட்டுகள் 1969இலிருந்து 1977 வரை தொடர்ந்து வந்தன. அந்தக் கரகரப்பான குரல் முதலில் உறுத்தலாம். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் கிட்டார் என்ன பதில் சொல்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள், குரல் தானாகப் பிடித்துவிடும். தனிக் கிட்டாரின் பழைய வேர் வேண்டுமென்றால் ரமோன் மொந்தோயா 1936இல் பாரிஸில் பதிவு செய்தவை, அப்புறம் உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஸ்பெயினை விட்டு வெளியேறிய சபிகாஸின் ‘ஃபிளமெங்கோ புரோ’.

இவ்வளவும் கேட்ட பிறகு ஒரு சனிக்கிழமை இரவு ஹெட்போனோடு உட்கார்ந்து ‘ஃபிரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ’ போடுங்கள். பெரும்பகுதி 1980 டிசம்பரில் மேடையில் பதிவானது. பாகோவோடு அல் டி மெயோலாவும் ஜான் மெக்லாக்லினும் வாசிக்கிறார்கள். விக்கு விநாயக்ராமின் கடத்தோடு ‘சக்தி’ குழுவில் வாசித்த அதே மெக்லாக்லின். இடது காதில் பாகோ, நடுவில் மெக்லாக்லின், வலது காதில் டி மெயோலா. இடது காதைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.