கோஜி டீ போடுகிறீர்களா? பழத்தையும் தின்றுவிடுங்கள்

கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "சீனாக்காரங்க குடிக்கிற கோஜி டீ குடிச்சா கண்ணாடியைக் கழட்டிடலாமா?" முடியாது. பவர் என்பது விழியின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் பொறுத்தது. எந்த மூலிகையும் அதை மாற்றாது. ஆனாலும் கோஜி என்ற அந்தச் சின்னச் சிவப்புப் பழத்தை ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கல்லீரலின் வாசல் கண் என்பது சீன மருத்துவத்தின் பழைய கொள்கை. கோஜியும் செவ்வந்தியும் சேரும் 'சீ ஜூ தி ஹுவாங்' மாத்திரை அதன்படி வந்தது. அந்தக் கொள்கைக்கு நவீன ஆதாரம் கிடையாது. பழத்தில் உள்ள ஸியாசாந்தின் என்ற நிறமிக்கு இருக்கிறது. விழித்திரையின் நடுவே மேக்குலாவில் படிந்து நீல ஒளியை வடிகட்டுவதில் இதற்கும் பங்குண்டு.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 45 முதல் 65 வயதுக்குள் ஆரோக்கியமான 27 பேர். அதில் 13 பேர் வாரம் ஐந்து முறை 28 கிராம் கோஜி தின்றார்கள். 90 நாளில் அவர்களுக்கு மேக்குலாவின் நிறமி அடர்த்தி கூடியது. ஸியாசாந்தினும் அதே வகை நிறமியான லூட்டீனும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்ட மற்றவர்களுக்குக் கூடவில்லை. நல்ல செய்திதான். ஆனால் ஆய்வு சிறியது, நிறமி கூடினால் நோய் வராது என்று அது நிரூபிக்கவும் இல்லை.

செய்முறை: ஒரு கைப்பிடி உலர்ந்த கோஜியைக் கழுவி, நாலைந்து செவ்வந்திப் பூவோடு கோப்பையில் போட்டு, கொதித்த நீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். சுருங்கிய பழம் உப்பி, தோல் மெத்தென்றாகும். நீரைக் குடித்துவிட்டுப் பழத்தை எறியாதீர்கள், ஸியாசாந்தின் அதில்தான் தங்கியிருக்கும்! அது நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். அதனால் சாப்பாட்டோடு சேர்த்து மென்று தின்னுங்கள். செவ்வந்தி மணத்துக்கு. கண்ணுக்கு அதனால் பலன் என்று சொல்ல வலுவான மனித ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. அந்தக் குடும்பப் பூக்கள் ஒவ்வாதவர்கள் அதைத் தவிருங்கள். சிலர் தகரை விதையையும் வறுத்துப் போடுவார்கள். அது பேதியாக்கும், வேண்டாம்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோஜி பக்கமே போகாதீர்கள். இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு (INR) எகிறி, இரத்தப்போக்கு ஏற்பட்டவர்கள் உண்டு. வீட்டில் காய்ச்சிய எந்தக் கஷாயத்தையும் கண்ணில் விடவே கூடாது, கிருமி தொற்றும்.

நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ, திடீரென்று மின்னல் வெட்டியது போலிருந்தாலோ, பார்வையில் திரை விழுந்தாலோ, டீ போட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.